ஆறு பந்துல என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?

டிஸ்கி: கிரிக்கெட் பிடிக்காதவங்களும் தைரியமா உள்ள வரலாம். இதுல பாதி பேஸ்பால், கொஞ்சம் நாய்க்குட்டி, மிச்சம் எங்க ஊர்க் கண்மாய்.

2023 பிப்ரவரியில தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்துல ஒரு வேடிக்கை நடந்துச்சு. சாய் சுதர்சனை கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தாங்க. அதே சமயத்துல ஐ.பி.எல்.ல குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் குடுத்துக்கிட்டு இருந்தது 20 லட்சம். உள்ளூர்ச் சந்தை விலை, உலகமே பாக்குற சந்தை விலையைத் தாண்டிருச்சு! அன்னைக்கு இந்தச் செய்தி வராத வாட்சப் குரூப்பே கிடையாது.

எனக்கு என்னமோ அந்த 21.6 மேல கண்ணு போகலை. பட்டியலோட கடைசிப் பிரிவு மேலதான் போச்சு. பெருசா எங்கயும் ஆடிப் பேர் வாங்காத பசங்களுக்கு ‘டி’ பிரிவு. அடிப்படை விலை 1.5 லட்சம். எட்டு அணி, அணிக்கு அதிகபட்சம் 20 பேர். ஆக மொத்தமே 160 நாற்காலி. தெரிஞ்ச முகமெல்லாம் உக்காந்தது போக மிச்ச நாற்காலிக்கு எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு நினைச்சாலே கிர்ருங்குது. அது கிடக்கட்டும். அந்தப் பட்டியல்ல ஒரு புதுப் பேர் வரணும்னா, அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு மைதானத்துல நின்னு அந்தப் பையனைப் பாத்திருக்கணும்ல? 2023க்கு முன்னாடி வரைக்கும் இங்க ஏலம் கிடையாது, டிராஃப்ட்தான். அணிகள் வரிசையா ஆளுக்கொரு பேரா எடுத்துக்கிட்டே வரணும். சின்ன வயசுல ரெண்டு கேப்டன் நின்னு ‘உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு’ன்னு ஆள் பிரிப்போமே, அதே கதை. ஏலமோ டிராஃப்டோ, அது கடைசி அரை மணி நேரக் கூத்து. அதுக்கு முன்னாடி நடக்குற தேடல்தான் எனக்குப் புதிரா இருந்துச்சு.

சும்மா வந்த புதிர் இல்லைங்க. எங்க வீட்டுலயே ஒருத்தன் பந்தும் கையுமா திரியுறான். அவன்கிட்ட அப்புறமா வர்றேன். இந்தத் தேடலை ஒரு சம்பள வேலையாவே செய்யுற ஆளுங்க எப்படிச் செய்யுறாங்கன்னு முதல்ல பாத்துருவோம். அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணும்.

அங்க மேஜர் லீக் பேஸ்பாலுக்கு 1965ல இருந்து வருஷா வருஷம் டிராஃப்ட் நடக்குது. பள்ளிக்கூடம் முடிச்ச பசங்க, காலேஜ் பசங்க, எல்லாரும் அமெச்சூர். 30 அணிகள், இப்ப 20 சுற்று. வருஷத்துக்கு 600 பேருக்கு மேல எடுக்குறாங்க. இதுக்காக ஒவ்வொரு அணியும் ஏரியா வாரியா ஸ்கவுட் போட்டு வெச்சிருக்கு. அந்த மனுஷனோட வேலை என்னன்னா, வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்துறது. பள்ளிக்கூட மைதானத்துக் கம்பி வேலிக்குப் பின்னாடி உக்காந்து வேகம் அளக்குற ரேடார் துப்பாக்கியை நீட்டுறது. பையன் அடிச்சிட்டு ஓடுறப்ப ஸ்டாப்வாட்சை அமுக்குறது. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயி அப்பா அம்மாகூட உக்காந்து காபி குடிச்சிக்கிட்டே, பையன் எப்படிப்பட்டவன், தோத்தா தாங்குவானான்னு நோட்டம் விடுறது. (நம்மூர்ப் பொண்ணு பாக்குற படலம்தான், பஜ்ஜி மட்டும் இல்லை.)

மார்க் போடுறதுக்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வெச்சிருக்காங்க. 20ல ஆரம்பிச்சு 80ல முடியும். 50னா மேஜர் லீக்ல ஆடுற ஒரு சராசரி ஆட்டக்காரன் அளவு. மட்டையைச் சரியா பந்துல படவைக்கிறது, தூரமா அடிக்கிறது, ஓட்டம், பந்து பிடிக்கிறது, எறியுறதுன்னு அஞ்சு விஷயத்துக்கும் தனித்தனி மார்க். அதுலயும் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கட்டம். ஒண்ணு இன்னைக்கு எப்படி இருக்கான்னு. இன்னொண்ணு முழுசா வளந்து நிக்கிறப்ப எப்படி இருப்பான்னு. ஒல்லியா வேகமா எறியுற 18 வயசுப் பையனுக்கு முதல் கட்டத்துல 40, ரெண்டாவது கட்டத்துல 60னு போடுவாங்க. அந்த இருபது மார்க் வித்தியாசம் இன்னும் நடக்காத ஒரு விஷயம். அதைக் கண்ணால பாத்துச் சொல்றதுக்குத்தான் அந்த ஆளுக்குச் சம்பளம். எங்க ஆபீஸ் அப்ரைசல் படிவத்துல அந்த ரெண்டாவது கட்டமே கிடையாதுன்னு இந்த இடத்துல வருத்தத்தோட பதிஞ்சுக்கிறேன்.

இவ்வளவு பாத்தும் குட்டிக்கரணம் அடிச்சிருக்காங்க. பில்லி பீன்னு ஒருத்தர். ‘மணிபால்’ புத்தகம் (2003) படிச்சவங்களுக்கோ பிராட் பிட் நடிச்ச படம் (2011) பாத்தவங்களுக்கோ தெரிஞ்சிருக்கும். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப அஞ்சு விஷயத்துலயும் கெட்டிக்காரன். நல்ல உயரம், நல்ல உடம்பு, முகக்களை வேற. பாத்த ஸ்கவுட் எல்லாம் சொக்கிப் போனாங்க. 1980 டிராஃப்ட்ல நியூயார்க் மெட்ஸ் அவரை முதல் சுற்றுலயே, 23வது ஆளா எடுத்து, 1,25,000 டாலர் குடுத்துச்சு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கிடைக்க இருந்த இடத்தை விட்டுட்டு வந்தாரு. அப்புறம்? மேஜர் லீக்ல மொத்தமே 148 ஆட்டம். 1990ல ஆடுனது போதும்னு, ஓக்லண்ட் அணி நிர்வாகத்துக்கிட்ட போயி ஸ்கவுட் வேலை கேட்டு வாங்கிக்கிட்டாரு. ஆமா, அதே ஸ்கவுட் வேலை!

நேர் எதிரா மைக் பியாஸா. 1988ல 62வது சுற்றுல, 1390வது ஆளா எடுத்தாங்க. அதுவும் திறமையைப் பாத்து இல்லை. அவங்க அப்பா டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டாவுக்கு நண்பர், அந்தச் சிபாரிசுக்காக. அந்தப் பையன் 2016ல ஹால் ஆஃப் ஃபேம்ல போயி உக்காந்தான்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போறவங்க பண்றதும் இதான். வெளியூர்க்காரன் வந்தா பால் மாதிரி வெள்ளையா, மூக்கு ரோஸா இருக்கிற குட்டியாப் பாத்துத் தூக்குவான். உள்ளூர்ப் பெருசு என்ன செய்யும் தெரியுமா? குட்டிக்குத் தெரியாம பின்னாடி நின்னு ஒரு தட்டு கை தட்டும். அந்த ஜாதியில பிறவியிலயே காது கேக்காத குட்டிங்க உண்டு. காவலுக்கு வளக்குற நாய்க்குக் காது கேக்கலைன்னா நிறத்தை வெச்சு என்ன பண்ண? பில்லி பீன் விஷயத்துல பின்னாடி நின்னு கை தட்ட ஆள் இல்லை போல.

நம்ம நாட்டுலயும் பேஸ்பால்காரங்க ஒரு தடவை வந்து வலை வீசிப் பாத்தாங்க. 2008ல ‘மில்லியன் டாலர் ஆர்ம்’னு ஒரு போட்டி. பேஸ்பாலைக் கண்ணாலயே பாக்காத பசங்க கையில பந்தைக் குடுத்து, எறி, எவ்வளவு வேகம், குறி சரியா இருக்கான்னு பாத்தாங்க. ஜெயிச்சது ரிங்கு சிங், அடுத்து தினேஷ் படேல். ரெண்டு பேரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பசங்க, ஈட்டி எறியுறவங்க. அதே வருஷம் நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரெண்டு பேரையும் சேத்துக்கிட்டாங்க. (அமெரிக்கா, கனடா பக்கத்துப் பசங்களுக்குத்தான் டிராஃப்ட். வெளிநாட்டு ஆளை நேரா ஒப்பந்தம் போட்டே எடுத்துக்கலாம்.) 2010ல தினேஷை அனுப்பிட்டாங்க. ரிங்கு கீழ்மட்ட லீக்ல சில வருஷம் ஆடிட்டு, 2018ல டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்துக்குப் போயிட்டாரு. 2014ல டிஸ்னி படமா வேற எடுத்துட்டாங்க. படம் ஒப்பந்தத்தோட சுபமா முடிஞ்சுரும்.

சரி, வ. புதுப்பட்டிக்கு வருவோம். வத்திராயிருப்புக்குப் பக்கத்துல, மேற்குமலை அடிவாரத்துல இருக்கிற பேரூராட்சி. தென்னை, மா, நெல்லு. பக்கத்துக் கூமாபட்டி 2025ல இன்ஸ்டாகிராம் புண்ணியத்துல உலகப் புகழ் ஆயிருச்சு. எங்க ஊருக்கு இன்னும் அந்த யோகம் அடிக்கலை.

எங்களுக்கு மைதானம்னா கண்மாய்தான். ஐப்பசியில மழை இறங்கி தண்ணி ஏறிருச்சுன்னா கிரிக்கெட் குளோஸ். மாசி கடைசியில தண்ணி வத்தி, தரை வெடிச்சு, மண்வெட்டியால ஒரு பட்டையைச் சமம் பண்ணி, சிமெண்டுப் பையில அளந்து கோடு போட்டா பிட்ச் ரெடி. ஆக எங்க பசங்களுக்கு வருஷத்துல ஏழு மாசம், மிஞ்சிப் போனா எட்டு மாசம் ஆட்டம். டென்னிஸ் பந்து. எட்டு ஓவர் மேட்ச். நுழைவுக் கட்டணம் 800 ரூபாய். முதல் பரிசு ரொக்கம், சில ஊர்ல ஒரு ஆட்டுக்கிடா. மைக்ல ஒருத்தர் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தொண்டை கிழிய வர்ணனை.

இங்கயும் ஸ்கவுட் இருக்காங்க. யாரும் அப்படிக் கூப்புடுறதில்லை, அவ்வளவுதான். வெளியூர் டோர்னமெண்டுக்குப் போற டீம் கேப்டன், தன் மேட்ச் தோத்ததும் வீட்டுக்குப் போக மாட்டாரு. மர நிழல்ல உக்காந்து மத்த மேட்சைப் பாப்பாரு. எந்த ஊர்ப் பையன் கடைசி ஓவர்ல யார்க்கர் இறக்குறான், எவன் இடது கையில சிக்ஸ் தூக்குறான்னு பாத்து வெச்சுக்குவாரு. டீ வாங்கிக் குடுத்து போன் நம்பரை வாங்கிருவாரு. அடுத்த டோர்னமெண்டுக்கு அந்தப் பையன் இவங்க டீம்ல ‘கெஸ்ட்’. பஸ் காசு, பிரியாணி, ஜெயிச்சா ஐநூறு ஆயிரம். நான் பாத்த கேப்டன்கள்ல ஒருத்தர் (வத்திராயிருப்புல சைக்கிள் கடை வெச்சிருந்தாரு) பையன் விக்கெட் எடுக்குறப்ப பாக்கவே மாட்டாரு. சிக்ஸ் வாங்குன அடுத்த பந்துக்கு அவன் நடந்து போற நடையைத்தான் பாப்பேம்பாரு. அமெரிக்கா ஸ்கவுட் காபி குடிச்சுக் கண்டுபிடிக்கிறதை இவர் வரப்புல உக்காந்து கண்டுபிடிச்சாரு. என்ன, இவரால அந்தப் பையனை அடுத்த ஊர் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போக முடியும். சென்னைக்கு முடியாது.

சென்னைக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் அமைஞ்சா என்ன ஆகும்கிறதுக்குத்தான் நடராஜன் கதை. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துதான். அதே ஊர்க்காரர் ஜெயபிரகாஷ் அவரைச் சென்னைக்கு அழைச்சிட்டுப் போயி லீக் கிரிக்கெட்ல நாலாவது டிவிஷன்ல இருந்து ஏத்தி விட்டாரு. நடராஜன் சட்டையில ‘ஜே.பி. நட்டு’ன்னு போட்டுக்கிட்டு ஆடுனது அதுக்காகத்தான். 2015 ஜனவரியில ரஞ்சி டிராபியில முதல் மேட்ச். உடனே பந்துவீச்சு முறையில சந்தேகம்னு புகார். கையை மாத்திப் பழகி, திரும்பி வந்து, 2016ல டி.என்.பி.எல். முதல் சீசன்ல திண்டுக்கல்லுக்கு ஆடி, 2017 ஐ.பி.எல். ஏலத்துல 10 லட்சம் அடிப்படை விலையில ஆரம்பிச்சு 3 கோடிக்குப் போனாரு. எல்லாரும் இதோட நிறுத்திருவாங்க. அடுத்த வருஷம் விலை 40 லட்சமா இறங்குனதையும், 2018, 2019 ரெண்டு சீசனும் ஹைதராபாத் அணியில ஒரு மேட்ச்கூட ஆடாம உக்காந்திருந்ததையும் யாரும் சொல்றதில்லை. 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல நெட் பவுலரா போன இடத்துல இந்தியாவுக்கு ஆடுனதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இந்தக் கதையை நான் எங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். ஏன்னா, நான் மேல சொன்ன பந்தும் கையுமா திரியுற ஆள் அவரோட பையன்.

19 வயசு. ஆறடிக்கு அரை இஞ்சு கம்மி. எடை 61 கிலோ, அதுவும் சாப்பிட்டதுக்கு அப்புறம் நிறுத்தா. டிப்ளமா மெக்கானிக்கல் முடிச்சாச்சு. ராஜபாளையத்துல ஒரு மில்லுல அப்ரண்டிஸ் இடம் தயாரா இருக்கு. சித்தப்பா தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பாக்குறாரு, தேங்காய் விலையைப் பொறுத்து வீட்டுல சிரிப்பு. பையனுக்கு மில்லுக்குப் போக இஷ்டமில்லை. ஒரு வருஷம் குடுங்க, லெதர் பால்ல ஆடிப் பாத்துட்டு வர்றேங்கிறான். வீட்டுல மூணு மாசமா சோறு இறங்கலை.

போன சித்திரைக்கு ஊருக்குப் போனப்ப சித்தப்பா கட்டில்ல உக்கார வெச்சுக் கேட்டாரு. “ஏப்பா, நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ கணக்கெல்லாம் போடுறியாம்ல. இவன் தேறுவானா மாட்டானான்னு பாத்துச் சொல்லு.”

விளையாட்டுக்குக் கேக்கலை, நிஜமாத்தான் கேட்டாரு. நானும் பாத்தேன். இப்பல்லாம் கண்மாய் மேட்சுக்கும் செல்போன் ஆப்ல ஸ்கோர் போடுறாங்க, ரெண்டு சீசன் கணக்கு முழுசா இருந்துச்சு. விக்கெட் எல்லாம் அமோகம். ஆனா அந்த எண்ணை வெச்சு என்ன செய்ய? எதிர்ல நின்னவன் யாரு, பவுண்டரி எத்தனை அடி, அன்னைக்குப் பிட்ச்ல வெடிப்பு எங்க இருந்துச்சுன்னு எதுவும் அதுல இல்லை. மணிபால்ல ஓக்லண்ட் கணக்கு வேலை செஞ்சதுக்குக் காரணம், அவங்க காலேஜ் பசங்களைப் பாத்தாங்க. அங்க ஒருத்தன் நூத்துக்கணக்கான தடவை மட்டையோட நின்னிருப்பான், எதிராளியும் ஓரளவுக்குத் தெரிஞ்ச ஆளு. கண்மாய்க்கு அந்தக் கணக்கு செல்லாதுன்னுதான் சொல்ல முடிஞ்சுது. கூடவே நடராஜன் கதையையும் சொன்னேன்.

சித்தப்பா பொறுமையா கேட்டுட்டு, “ஒரு நடராஜனைச் சொல்ற. சரி. நடராஜன் ஆகாம போனவங்க பேர் நாலு சொல்லு பாப்போம்” அப்படின்னாரு.

மண்டையில நச்சுன்னு விழுந்துச்சு. யார் பேரு தெரியும்? அவங்க பேரை யாரு எழுதி வெச்சா? நான் விடாம, பில்லி பீன் கதையைச் சொன்னேன். எல்லாரும் ஒசத்தியாச் சொல்லி, எடுத்து, கடைசியில ஆகாம போன ஆள்.

“அவனுக்காச்சும் முன்கூட்டியே ஒண்ணேகால் லட்சம் டாலர் குடுத்தான். தப்பாப் போனா நட்டம் அந்தக் கம்பெனிக்கு. இவன் போயி ஒரு வருஷம் இருந்துட்டு ஒண்ணுமில்லைன்னு வந்தா நட்டம் யாருக்கு?”

எனக்கு இதுக்குப் பதில் இல்லை, இப்பவும் இல்லை. அங்க தேடுற செலவும், பாத்தது தப்பாப் போனா வர்ற நட்டமும் அணியோடது. ஸ்கவுட் பெட்ரோல் போட்டுக்கிட்டு பையன் இருக்கிற ஊருக்கு வர்றாரு. இங்க பையன் பஸ் ஏறி அவங்க இருக்கிற ஊருக்குப் போகணும். ஷூ, ரூம் வாடகை, பந்து, வராத சம்பளம் எல்லாம் வீட்டுக் கணக்கு. முழுசா அப்படியேன்னும் சொல்ல முடியாது. வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படிச்சு, வேலையெல்லாம் பாத்துட்டு, 2018 டி.என்.பி.எல்.ல மதுரைக்கு ஆடுனதைப் பாத்து அந்த டிசம்பர்லயே 20 லட்சத்துல ஆரம்பிச்சு 8.4 கோடிக்கு எடுத்தாங்க. மலப்புரத்து ஆட்டோ டிரைவர் மகன் விக்னேஷ் புத்தூர், அப்ப வரைக்கும் கேரள சீனியர் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடியிருக்கலை. கேரளா லீக்ல அவர் போட்டதை மும்பை அணி ஸ்கவுட்டுங்க பாத்து 30 லட்சத்துக்கு எடுத்தாங்க. 2025 மார்ச்ல சேப்பாக்கத்துல முதல் மேட்ச்லயே சென்னைக்கு எதிரா மூணு விக்கெட். ஸ்கவுட் கண்ணு முன்னைக்கு இப்ப கீழ இறங்கியிருக்கு, நிஜம்தான். எவ்வளவு தூரம்? மாநில லீக் வரைக்கும். கண்மாய்க்கும் மாநில லீக்குக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பையன்தான் கடக்கணும்.

வைகாசியில பக்கத்து மாவட்டத்துல ஒரு தேர்வு முகாம் இருந்துச்சு. ஒரு நாள் லீவு போட்டு நானும் கூடப் போனேன். விடியக் காலையில மொத பஸ். அங்க போனா, நான் எண்ணுன வரைக்கும் நானூறு பேருக்கு மேல. ரெண்டு வலை. பவுலர்னா ஆளுக்கு ஆறு பந்து. தம்பி கையில புது லெதர் பந்து. கால்ல கேன்வாஸ் ஷூ, ஸ்பைக் கிடையாது. முதல் ரெண்டு பந்து லெக் சைடு பக்கம் ஓடிப் போச்சு. மூணாவது நல்லா எழும்பி, ஆடுனவன் தலையைச் சாச்சான். நாலாவதுக்கு கால் வழுக்குச்சு. அஞ்சாவது ஃபுல் டாஸ். ஆறாவது யார்க்கர், ஸ்டம்பு போச்சு. மேஜையில இருந்தவர் தாள்ல ஏதோ குறிச்சாரு. “அடுத்து.”

சாயங்காலம் ஒட்டுன பட்டியல்ல அவன் பேர் இல்லை.

அந்த மனுஷரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நானூறு பேரை ஒரே நாள்ல பாக்கணும்னா வேற எப்படித்தான் பாக்குறது? ஆனா ஆறு பந்துல பாக்க முடியுறது அந்த முதல் கட்டம் மட்டும்தான், இன்னைக்கு எப்படி இருக்கான்கிறது. லெதர் பந்தைப் பிடிச்சு மூணு வாரம்தான் ஆச்சு, 61 கிலோ இன்னும் 72 ஆகலாம், ஷூ சரியில்லைங்கிறதெல்லாம் ரெண்டாவது கட்டத்துக்கான விஷயம். அதுக்கு ரெண்டு மூணு தடவை, வேற வேற இடத்துல பாக்கணும். கிளம்புறப்ப வலைப் பக்கத்துல நின்ன ஒரு வயசான கோச்சுதான் கேட்டாரு, “எந்த ஊருப்பா? லெதர்ல எத்தனை நாளா போடுற?” சொன்னான். “ஒரு வருஷம் போட்டுட்டு வா.” அவ்வளவுதான். அவர் பேரைக்கூட நாங்க கேக்கலை.

பஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் வர்ற வரைக்கும் தம்பி வாயே திறக்கலை. பால்கோவா வாங்கிக் குடுத்தேன், திங்கலை. அப்புறம் திடீர்னு, “அண்ணே, அந்த ஆறாவது பந்தைப் பாத்தீங்கல்ல?”ன்னான். பாத்தேன்டான்னேன்.

மறுநாள் காலையில, கணக்கே செல்லாதுன்னு சொன்ன நானே ஒரு கணக்குப் போட்டேன். செல்போன்ல விநாடிக்கு 240 பிரேம் எடுக்குற ஸ்லோ மோஷன் இருக்குல்ல, அதைப் பக்கவாட்டுல ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, லெதர் பந்துல முப்பது பந்து போட வெச்சேன். ரெண்டு பக்கத்து கிரீஸுக்கும் நடுவுல 58 அடி, அதாவது 17.68 மீட்டர். பந்து கையை விட்டதுல இருந்து எதிர்க் கோட்டைத் தாண்டுற வரைக்கும் எத்தனை பிரேம்னு எண்ணுனேன். இருந்ததுல வேகமான பந்து 128 பிரேம். வகுத்துப் பாத்தா சராசரி மணிக்கு 119 கிலோமீட்டர். காத்துலயும் தரையில பட்டும் வேகம் கொறையும்கிறதால கையை விட்டப்ப 130 பக்கத்துல இருந்திருக்கும். ஒரு பிரேம் தப்பா எண்ணுனா ஒரு கிலோமீட்டர் மாறும், அதனால துல்லியம்னு மார் தட்ட மாட்டேன். இந்தியாவுக்கு ஆடுற வேகப்பந்துக்காரங்க 140 போடுறாங்க. இது அது இல்லை. ஸ்பைக் இல்லாம, கண்மாய்த் தரையில, 61 கிலோ உடம்புக்கு இது மோசமும் இல்லை.

இதை அப்படியே சித்தப்பாகிட்ட சொன்னேன். தேறுவான்னும் சொல்லலை, மாட்டான்னும் சொல்லலை. ஸ்பைக் ஷூவும் வாரக் கடைசி பஸ் காசும் என் பொறுப்புன்னு மட்டும் சொன்னேன். சித்தி உள்ளார இருந்து, “முட்டை நான் பாத்துக்கிறேன்”னாங்க. சித்தப்பா ரொம்ப நேரம் தோப்பையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மில்லுல பேசி அப்ரண்டிஸ் சேர்ற தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்குறேன்னாரு. பங்குனி வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது.

இப்ப சனி, ஞாயிறு சிவகாசிப் பக்கம் ஒரு கிளப்ல மேட்டிங் பிட்ச்ல போடுறான். மத்த நாள் காலையில தோப்புக்குள்ள ஓட்டம். 64 கிலோ ஆயிட்டானாம். போன வாரம் போன்ல பேசுனப்ப சித்தப்பா அவனைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை. தேங்காய் விலை, மழை, என் கல்யாணப் பேச்சு எல்லாம் பேசி முடிச்சிட்டு, வைக்கப் போறப்ப கேட்டாரு:

“தீபாவளிக்கு வர்றப்ப அந்த ஸ்டாண்டை எடுத்துட்டு வருவேல்ல? 128 இப்ப எத்தனை ஆயிருக்குன்னு எண்ணிப் பாக்கணும்.”